மணி அடித்தவனிடம் இருந்தது பழைய பட்டியல்

2022 ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை. அம்மாவுக்குக் கண் பரிசோதனை, காலை 10:40-க்கு. அதை நான் மறந்தேன் என்று சொல்ல முடியாது, எழுதி வைத்திருந்தேன். நாள் முழுக்க என் முன்னால் திறந்து கிடக்கிற கோப்பில், தேதி, நேரம், பழைய ரிப்போர்ட்களை எடுத்துப் போக வேண்டும் என்ற குறிப்பு எல்லாவற்றோடும் எழுதி வைத்திருந்தேன். காலை ஒன்பதிலிருந்தே புடவை கட்டித் தயாராக உட்கார்ந்திருந்த அம்மா, பதினொன்றேகாலுக்கு என் அறை வாசலில் வந்து நின்று, "ஏண்டா, டாக்டர்கிட்ட போகணும்னியே, எத்தனை மணிக்குடா?" என்று கேட்டபோது அந்தக் கோப்பு அதே கணினியில் திறந்துதான் இருந்தது. ஒரு சத்தமும் வரவில்லை.

கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. "சரி, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் புடவையை மாற்றப் போய்விட்டார். அன்று இரவு உட்கார்ந்து ஆராய ஆரம்பித்த விஷயம்தான் இது. அதற்குப் பிறகும் மூன்று நான்கு முறை கோட்டை விட்டேன். ஒவ்வொன்றும் வேறு காரணம்.

நான் வீட்டிலிருந்தே தொழில்நுட்ப மொழிபெயர்ப்பு செய்கிறவன். எழுதுவது, வேலைப் பட்டியல், யார் எவ்வளவு பணம் தர வேண்டும் என்கிற கணக்கு, எல்லாமே ஈமேக்ஸில்தான். தெரியாதவர்களுக்கு: ஈமேக்ஸ் ஒரு உரைத் தொகுப்பான். 1976-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் பிறந்தது (குரோம்பேட்டை எம்.ஐ.டி. அல்ல). இன்று நாம் பயன்படுத்தும் குனூ ஈமேக்ஸை ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985-இல் வெளியிட்டார். லிஸ்ப் மொழியில் நாலு வரி எழுதத் தெரிந்தால் அதை எப்படி வேண்டுமானாலும் வளைக்கலாம். வளைக்கிற சுகத்தில் வேலையை மறப்பதும் உண்டு. அதற்குள்ளே இருக்கிற ஆர்க்-மோட், குறிப்பும் வேலைப் பட்டியலும் வைத்துக்கொள்வதற்கானது. கார்ஸ்டன் டொமினிக் என்ற வானியலாளர் 2003-இல் தன் சொந்தக் குறிப்புகளுக்காக எழுத ஆரம்பித்தது. சாதாரண உரைக் கோப்பில் நட்சத்திரக் குறி போட்டுத் தலைப்பு எழுதி, கீழே தேதி போட்டால், அஜெண்டா என்கிற பக்கம் எல்லாக் கோப்புகளையும் துழாவி இன்றைக்கு என்னென்ன என்று காட்டும்.

காட்டும், அவ்வளவுதான். கூப்பிடாது. நான் அதை நாளுக்கு ஒரு முறை, காலை காபியோடு திறந்து பார்ப்பேன். அந்த வியாழக்கிழமையும் பார்த்தேன். அதில் அம்மாவின் பெயரே இல்லை.

காரணம் அடைப்புக்குறி. ஆர்க்-மோடில் தேதி முத்திரை இரண்டு வகை. கோண அடைப்புக்குள் <2022-08-18 வியா 10:40> என்று இருந்தால் அது உயிருள்ளது, அஜெண்டாவில் வரும். சதுர அடைப்புக்குள் [2022-08-18 வியா 10:40] என்று இருந்தால் அது வெறும் குறிப்பு, 'இந்த நாளில் இதை எழுதினேன்' என்பது போல. அஜெண்டா அதைக் கண்டுகொள்ளாது. கன்ட்ரோல்-சி அழுத்திப் புள்ளி வைத்தால் கோணம், ஆச்சரியக்குறி வைத்தால் சதுரம். நாள் முழுக்க வேலைக் குறிப்புகளுக்குச் சதுரம் போட்டுப் பழகிய விரல், அம்மாவின் கண்ணுக்கும் சதுரமே போட்டிருக்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்று போலத்தான். அன்றிரவு அந்த வரியை எத்தனை முறை படித்தேன் என்று கணக்கில்லை. எல்லாம் சரியாக இருக்கிறதே, எல்லாம் சரியாக இருக்கிறதே என்று.

இப்போது சந்திப்புகளை நான் கையால் எழுதுவதே இல்லை. கேப்சர் என்ற வசதியில் ஒரு வார்ப்புரு செய்து வைத்திருக்கிறேன். ஒரு எழுத்தைத் தட்டினால் தேதி கேட்கும், முத்திரையைக் கோணத்தில்தான் போடும், நேராகச் சந்திப்புக் கோப்புக்குள் கொண்டுபோய் வைக்கும்.

இன்னொன்றும் இதே குடும்பத்துத் தவறு. தலைப்புக்குக் கீழே 'ஷெட்யூல்ட்' என்று போட்டுத் தேதி கொடுக்க ஒரு கட்டளை இருக்கிறது. பெயரைப் பார்த்து, சந்திப்புக்கு இதுதான் என்று நினைத்துவிடுவோம். இல்லை. ஷெட்யூல்ட் என்றால் 'இந்த வேலையை இந்த நாளில் கையில் எடுக்கப் போகிறேன்' என்று அர்த்தம். முடித்ததாகக் குறிக்கும் வரை அது அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் அஜெண்டாவில் வந்து நிற்கும், கடன்காரன் மாதிரி. சந்திப்புக்கு வெறும் தேதி முத்திரை போதும் என்று ஆர்க் கையேடே சொல்கிறது. நான் கையேட்டைப் படிப்பது எப்போதும் அடிபட்ட பிறகுதான்.

சரி, கூப்பிடுகிற வேலைக்கு வருகிறேன். ஈமேக்ஸில் ஆர்க்-மோடுக்கு முன்பிருந்தே ஒரு மணியடிப்பவன் இருக்கிறான். பெயர் ஆப்ட். அப்பாயின்ட்மென்ட் என்பதன் சுருக்கம். அவனிடம் ஒரு பட்டியல் இருக்கும், நேரமும் செய்தியும் கொண்டது. நிமிடத்துக்கு ஒரு முறை கடிகாரத்தைப் பார்ப்பான். எந்தச் சந்திப்புக்காவது 12 நிமிடம் இருந்தால் சொல்லுவான். அப்புறம் மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை சொல்லிக்கொண்டே இருப்பான். இந்த 12, 3 இரண்டையும் மாற்றலாம். மாற்றினால் முதலாவது இரண்டாவதால் மீதியின்றி வகுபடுகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். நான் 15, 5 என்று வைத்திருக்கிறேன். பதினைந்து, பத்து, ஐந்து, நேரம் ஆச்சு என்று நாலு முறை வரும்.

ஆனால் இவனுக்கு ஆர்க் கோப்புகளைப் படிக்கத் தெரியாது. பழைய டைரி கோப்பைத்தான் தெரியும். இடையில் பாலம் போடுவது ஆர்க்-அஜெண்டா-டு-ஆப்ட் என்ற கட்டளை. அதை ஓட்டினால் ஆர்க் கோப்புகளில் இன்றைய தேதிக்கு, மணி குறிப்பிட்டு இருக்கிறவற்றையெல்லாம் பொறுக்கி ஆப்டின் பட்டியலில் போடும். 'இன்றைக்கு 4 நிகழ்வுகள் சேர்க்கப்பட்டன' என்கிற பொருளில் கீழே ஒரு வரி ஆங்கிலத்தில் வரும். ஆக, ஈமேக்ஸின் அமைப்புக் கோப்பில் இரண்டு வரி போதும்: ஆப்டைத் தொடங்கு, பாலத்தை ஓட்டு. முதல் நாள் இதைப் போட்டுவிட்டு, பத்து நிமிடம் தள்ளி ஒரு பொய்ச் சந்திப்பை எழுதி, மீண்டும் பாலத்தை ஓட்டிக் காத்திருந்தேன். ஈமேக்ஸின் கீழ்ப்பகுதியில் ஒரு சின்னச் சன்னல் எட்டிப் பார்த்தது. பத்து விநாடி இருந்துவிட்டு மறைந்தது. ஏதோ சாதித்த மாதிரி இருந்தது.

மணி போடாமல் தேதி மட்டும் எழுதியது பட்டியலுக்கு வராது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். 'மின் கட்டணம் கட்ட வேண்டும்' என்று வெறும் தேதியோடு இருந்தால் அஜெண்டாவில் தெரியும், மணி அடிக்காது. அடிக்கவும் வேண்டாம்.

அந்தப் பத்து விநாடிச் சன்னலில் உடனே ஒரு குறை தெரிந்தது. நான் உலாவியில் ஏதாவது படித்துக்கொண்டிருந்தால் அது வந்ததே தெரியாது. எனவே அதை லினக்ஸ் திரையின் மூலையில் வருகிற அறிவிப்பாக மாற்றினேன். ஆப்டுக்கு 'சன்னல் காட்டுவதற்குப் பதில் இந்தச் செயற்கூறை, அதாவது ஃபங்ஷனை, கூப்பிடு' என்று சொல்ல ஒரு மாறி இருக்கிறது. அந்தச் செயற்கூறுக்கு மூன்று விஷயங்கள் வரும்: எத்தனை நிமிடம் இருக்கிறது, இப்போது என்ன நேரம், என்ன செய்தி. நான் எழுதியது ஐந்து வரி. நிமிடத்தையும் செய்தியையும் ஒட்டி, ஈமேக்ஸோடு வரும் நோட்டிஃபிகேஷன்ஸ் நிரலிடம் கொடுத்துவிடும். அவசர நிலையை 'கிரிட்டிக்கல்' என்று வைத்ததால், நானே தட்டி விலக்கும் வரை அறிவிப்பு போகாது. செய்தி தமிழில் இருந்தாலும் எழுத்து உடையாமல் வருகிறது. (ஆர்க் அட்டவணைகளில் தமிழ் எழுதினால் கட்டங்கள் நேராக நிற்காது. அந்தச் சோகத்தை இன்னொரு நாள் பேசலாம்.)

இரண்டு மாதம் ஒழுங்காக ஓடியது. பிறகு ஒரு திங்கட்கிழமை காலை 11 மணிக்கு ஒரு வாடிக்கையாளர் அழைப்பும், 11:05-க்கு எரிவாயு இணைப்புச் சரிபார்க்க வருவதாகச் சொன்னவரும் சேர்ந்து வந்தார்கள். அழைப்புக்கு மணி அடித்தது. எரிவாயுக்காரருக்கு அடிக்கவில்லை. நான் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருக்க, அவர் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

விடை ஈமேக்ஸின் மெசேஜஸ் பஃபர் என்ற பக்கத்தில் இருந்தது. ஈமேக்ஸ் தான் முணுமுணுப்பதையெல்லாம் அங்கே எழுதி வைக்கும். யாரும் படிப்பதில்லை. 'உங்கள் செயற்கூறில் வகைப் பிழை, பல சந்திப்புகளுக்கு ஏற்றபடி அதைத் திருத்தலாமே?' என்கிற ரீதியில் ஒரு வரி அதில் கிடந்தது. விஷயம் இதுதான். ஒரே நேரத்தில் ஒரு சந்திப்புதான் நெருங்குகிறது என்றால், ஆப்ட் செயற்கூறுக்குத் தனிச் சொற்றொடரைக் கொடுக்கும். இரண்டு சந்திப்புகள் ஒரே எச்சரிக்கை நேரத்துக்குள் விழுந்தால், சொற்றொடர்களின் பட்டியலாகக் கொடுக்கும். என் ஐந்து வரி, பட்டியல் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. தடுக்கி விழுந்தது. ஆப்ட் அதைக் கவனித்து, பெரிய மனது பண்ணி, முதல் சந்திப்பை மட்டும் தனியாகக் கொடுத்து மறுபடி முயன்றிருக்கிறது. அதனால்தான் ஒன்றாவது அடித்தது. மற்றது போச்சு.

திருத்தம் சுலபம். வந்தது பட்டியலா என்று பார்ப்பது, பட்டியல் என்றால் ஒவ்வொன்றுக்கும் ஒரு அறிவிப்பு அனுப்புவது, இல்லையென்றால் பழையபடி. எங்கிருந்தாவது இந்தச் செயற்கூறைப் பிரதி எடுத்துப் போடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த இடத்தைத்தான். சோதிப்பதும் எளிது: ஐந்து நிமிட இடைவெளியில் இரண்டு பொய்ச் சந்திப்புகள் போட்டுப் பாருங்கள். ஒன்றைப் போட்டு அது அடித்துவிட்டது என்று எழுந்து போகாதீர்கள். நான் அப்படித்தான் எழுந்து போனேன்.

அடுத்தது நள்ளிரவு. பாலம் 'இன்றைய' நிகழ்வுகளை மட்டுமே எடுத்துப் போடும் என்றேன் இல்லையா? என் மடிக்கணினியை நான் அணைப்பதே இல்லை, மூடி வைப்பேன். ஈமேக்ஸ் வாரக்கணக்கில் அப்படியே இருக்கும். ஆக, திங்களன்று ஈமேக்ஸைத் தொடங்கினால் திங்கள் சந்திப்புகள் மட்டும் பட்டியலில் இருக்கும். செவ்வாய், புதன் எல்லாம் அமைதி. இது தெரிந்துதான், இரவு 12:01-க்குப் பாலத்தை ஓட்டு என்று ஒரு வரியை எங்கோ பார்த்து ஒட்டியிருந்தேன். ஒரு நாள் வேலை செய்தது. மறுநாள் இல்லை. அந்த வரியில், திரும்பத் திரும்ப எத்தனை விநாடிக்கு ஒரு முறை என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'நில்', அதாவது ஒன்றுமில்லை, என்று இருந்தது. ஒரே ஒரு நள்ளிரவுக்கு மட்டும் வேலை செய்கிற வரி! எழுதியவர் தினமும் கணினியை அணைக்கிற பழக்கம் உள்ளவராக இருந்திருக்கலாம். பிரதி எடுத்தவனுக்குத்தான் அந்தப் பழக்கம் இல்லை.

இப்போது நள்ளிரவு என்று குறிப்பிட்டே வைப்பதில்லை. 3600 விநாடிக்கு ஒரு முறை, மணிக்கு ஒரு தடவை, பாலம் ஓடுகிறது. காலையில் மடிக்கணினியைத் திறந்ததும் தூக்கத்தில் தவறிப்போன டைமர் உடனே ஒரு முறை ஓடிவிடும். அதுவே போதுமானதாக இருக்கிறது.

ஆனால் மணிக்கு ஒரு முறை ஓட்டியபோதுதான் மூலத் தவறு எனக்கு உறைத்தது. ஒரு புதன்கிழமை, மதியம் 3 மணிக் கூட்டத்தை வாடிக்கையாளர் 4-க்குத் தள்ளினார். கோப்பில் 3-ஐ 4 ஆக்கிச் சேமித்தேன். 2:45-க்கு அறிவிப்பு வந்தது. அவசரமாகக் கூட்ட அறைக்குள் நுழைந்து, ஆளில்லாத அறையில் என் முகத்தையே பார்த்துக்கொண்டு ஏழு நிமிடம் உட்கார்ந்திருந்தேன். 3:45-க்கு இன்னொரு அறிவிப்பு வந்தது.

பாலம் பட்டியலில் சேர்க்கும், ஆனால் இருப்பதை எடுக்காது. அச்சு அசலாக ஒரே நேரம், ஒரே செய்தி என்றால் இரண்டாவது முறை சேர்க்காது. நேரம் மாறினால் அது புதுச் சந்திப்பு என்று நினைத்துச் சேர்த்துக்கொள்ளும். பழையது அப்படியே இருக்கும். அதாவது, மணியடிப்பவன் என் கோப்பைப் பார்த்து மணி அடிக்கவில்லை. என்றோ எடுத்த நகலைப் பார்த்து அடிக்கிறான். இதற்கு முன் நடந்தவற்றையும் இந்தக் கண்ணோடு திரும்பிப் பார்த்தால், கோப்பில் இருப்பதும் அவன் கையில் இருப்பதும் எங்கெங்கே பிரிகிறது என்கிற கதைதான் எல்லாம். சதுர அடைப்பு நகலுக்குப் போகவே இல்லை. நள்ளிரவில் நகல் காலாவதியானது. தள்ளிப்போட்ட கூட்டம் நகலில் தள்ளிப்போகவில்லை.

ஆகவே இரண்டு மாற்றம் செய்தேன். பாலத்தை ஓட்டும்போது, பழைய பட்டியலை முழுதாக அழித்துவிட்டுப் புதிதாக எடு என்று சொல்ல அதற்கே ஒரு வழி இருக்கிறது. கையால் ஓட்டினால் முன்னால் கன்ட்ரோல்-யு அழுத்த வேண்டும், நிரலில் என்றால் முதல் இடத்தில் 'டி' என்று கொடுக்க வேண்டும். இரண்டாவது, அஜெண்டாவில் சேர்ந்த கோப்பு எதையாவது சேமித்த உடனே பாலம் ஓடுகிற மாதிரி, ஒவ்வொரு சேமிப்பின்போதும் தானாக நடக்க வேண்டியவற்றைச் சொல்லி வைக்கிற 'ஹூக்'கில் ஒரு வரி. இப்போது நேரத்தை மாற்றிச் சேமித்தால் அந்த விநாடியே நகலும் மாறிவிடுகிறது.

இதிலும் ஒரு ஓட்டை இருந்ததை அடுத்த வாரமே பால் பொங்கிக் காட்டியது. ஆப்டில் கோப்பு எதுவும் இல்லாமல் நேரடியாகவே ஒரு நினைவூட்டலைச் சேர்க்கலாம், நேரமும் செய்தியும் கேட்கும். அடுப்பில் பாலை வைத்துவிட்டு '7:20, பால்' என்று சேர்த்துவிட்டு வந்து வேலையில் மூழ்கிவிட்டேன். இடையில் ஏதோ ஒரு குறிப்பைச் சேமித்தேன். சேமித்ததும் பாலம் ஓடி, பட்டியலை முழுதாக அழித்து, ஆர்க் கோப்புகளில் இருப்பதை மட்டும் திருப்பிப் போட்டது. பால் ஆர்க் கோப்பில் இல்லையே. 7:20 வந்தது, போனது. கருகிய வாசனைதான் நினைவூட்டியது. அம்மா பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே, "உன் கம்ப்யூட்டர் எதுக்குடா இருக்கு?" என்றார். நியாயமான கேள்வி.

இப்போது அடுப்புச் சமாச்சாரங்களுக்கு ஆர்க்-மோடின் டைமரை வைத்துக்கொள்கிறேன். கன்ட்ரோல்-சி, கன்ட்ரோல்-எக்ஸ், அரைப்புள்ளி, எத்தனை நிமிடம் என்று கேட்கும், அவ்வளவுதான். அது இந்தப் பட்டியலோடு சேராதது, யாரும் அழிக்க முடியாது.

பாலத்துக்கு வடிகட்டி கொடுக்கலாம் என்பதைக் கண்டுபிடித்தது ராகு காலத்தால். அம்மா எந்த நல்ல காரியத்துக்கும், மருத்துவமனைக்குக் கிளம்புவதற்கும்கூட, ராகு காலம் பார்ப்பார். ஒவ்வொரு முறையும் 'இன்னிக்கு எப்போடா?' என்று கேட்பதால், ஏழு கிழமைக்கும் ஏழு குறிப்பு போட்டு, வாரா வாரம் திரும்ப வருகிற மாதிரி வைத்தேன். திங்கள் 7:30 முதல் 9, வியாழன் 1:30 முதல் 3 என்று. ஈமேக்ஸ் நாட்காட்டியில் மாயன் தேதிகூடப் பார்க்கலாம், ராகு காலம் கிடையாது, நாம்தான் போட்டுக்கொள்ள வேண்டும். அதில் மணி இருக்கிறது இல்லையா, எனவே பாலம் அதையும் அள்ளிக்கொண்டு போய்ப் பட்டியலில் போட்டுவிட்டது. தினமும் ராகு காலத்துக்குப் பதினைந்து நிமிடம் முன்னால் ஒரு அவசர அறிவிப்பு. திரையைப் பகிர்ந்து ஒரு விளக்கக் கூட்டம் நடத்திக்கொண்டிருந்தபோது மூலையில் 'இன்னும் 15 நிமிடம்: ராகு காலம்' என்று சிவப்பாக வந்தது. எதிர்ப்பக்கத்தில் தமிழ் படிக்கத் தெரிந்த ஒரே ஒருவர் சிரித்ததை மற்றவர்களுக்கு எப்படி விளக்குவது?

வடிகட்டி, ஒவ்வொரு குறிப்பும் எந்த வகை (கேட்டகரி) என்று பார்க்கும். ஆர்க்-மோடில் வகை என்று தனியாகக் கொடுக்காவிட்டால் கோப்பின் பெயரே வகை. எனவே சந்திப்புகள் ஒரு கோப்பில், ராகு காலம், பிறந்தநாள், தெரிந்துகொள்ள மட்டும் வேண்டியவை இன்னொரு கோப்பில். சந்திப்புக் கோப்பின் வகை மட்டும் மணி அடிக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். இதனால் வந்த பெரிய நன்மை, அறிவிப்புகள் குறைந்ததுதான். நாளுக்கு இருபது முறை மூலையில் ஏதாவது வந்தால் கை தானாக விலக்கிவிடும், கண் படிக்காது. இப்போது நாளுக்கு இரண்டோ மூன்றோதான் வருகிறது. வந்தால் எழுந்துவிடுகிறேன்.

எல்லாவற்றுக்கும் பதினைந்து நிமிடம் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். இணையக் கூட்டத்துக்குப் பதினைந்து போதும். ஸ்ரீரங்கத்திலிருந்து தில்லை நகர் மருத்துவமனைக்கு? ஆட்டோ கிடைக்க வேண்டும், காவிரிப் பாலத்தில் நெரிசல் இல்லாமல் இருக்க வேண்டும், அதற்கு முன் அம்மாவின் கண்ணாடி கிடைக்க வேண்டும், ரிப்போர்ட் ஃபைல் எந்தப் பையில் என்று தெரிய வேண்டும். ஒவ்வொரு குறிப்புக்கும் தனியாக எச்சரிக்கை நேரம் கொடுக்க வழி உண்டு: குறிப்பின் பண்புகளில் ஆப்ட்-வார்ன்டைம் என்று எழுதி நிமிடத்தைக் கொடுத்தால் போதும். அசல் பெயரில் எல்லாம் பெரிய எழுத்து, நடுவில் கீழ்க்கோடு. மருத்துவமனைக்கு 90 வைத்திருக்கிறேன். ரயிலுக்கும் 90. கேப்சர் வார்ப்புருவையும் இரண்டாக்கிவிட்டேன், 'வெளியே', 'வீட்டில்' என்று. வெளியே என்பதில் 90 தானாகவே வந்துவிடும்.

லண்டன் விஷயம் மட்டும் ஈமேக்ஸால் தீர்வதல்ல. அங்கே ஒரு வாடிக்கையாளர், செவ்வாய்தோறும் அவர்கள் நேரம் காலை 10-க்கு அழைப்பு. குளிர்காலத்தில் நமக்கு மதியம் 3:30. வாரம் ஒரு முறை திரும்ப வருகிற குறிப்பாகப் போட்டிருந்தேன். 2025 மார்ச் 30, ஞாயிற்றுக்கிழமை பிரிட்டனில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளினார்கள். அடுத்த செவ்வாய், 3:15-க்கு எனக்கு அறிவிப்பு வந்தது. தண்ணீர் குடித்து, ஹெட்போன் மாட்டி, 3:28-க்கு உள்ளே போனேன். அவர்களுடைய 10 மணி அன்று நமக்கு 2:30, கூட்டம் முடிந்தே போயிருந்தது. தேதி ஏப்ரல் 1 என்பதால், முதலில் விளையாடுகிறார்களோ என்று நினைத்தேன்.

ஆர்க்-மோடின் தேதி முத்திரைக்கு நேர மண்டலம் என்பதே கிடையாது. எழுதிய மணி, நம் கணினியின் மணி. அங்கே கடிகாரம் மாறினால் இங்கே யாருக்கும் தெரியாது. நான் செய்திருப்பது கைவைத்தியம்தான். பிரிட்டனில் மாறுவது மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும். இப்படிப்பட்ட தேதிகளை ஈமேக்ஸ் டைரியின் டைரி-ஃப்ளோட் என்ற செயற்கூறால் சொல்லலாம்: 3, 0, -1 என்று கொடுத்தால் மூன்றாம் மாதம், ஞாயிறு, கடைசி. ஆர்க் கோப்பிலேயே அதைக் கோண அடைப்புக்குள் எழுதலாம். அந்த இரண்டு ஞாயிறும் காலையில் 'லண்டன் நேரம் மாறுது, செவ்வாயைத் திருத்து' என்று அஜெண்டாவின் தலையில் வந்து நிற்கிறது. நான் திருத்துகிறேன். அமெரிக்க வாடிக்கையாளர் இருக்கிறவர்கள் கவனிக்க: அங்கே மாறுவது மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். இந்த இரண்டு நாட்டோடும் வேலை செய்தால், இடைப்பட்ட வாரங்களில் ஒருவர் மாறியிருப்பார், இன்னொருவர் மாறியிருக்க மாட்டார்.

கடைசியாக, மடிக்கணினி மூடியிருந்தால் இதில் எதுவும் நடக்காது. ஈமேக்ஸ் ஓடிக்கொண்டே இருக்கட்டும் என்று அதைப் பின்னணிச் சேவையாக வைத்திருக்கிறேன். ஆனாலும் தூங்குகிற கணினி தூங்குகிற கணினிதான். அதனால் கைபேசி. முதலில் ஆர்க் கோப்புகளை ஐகேலண்டர் வடிவில் ஏற்றுமதி செய்து கைபேசி நாட்காட்டியில் போட்டுப் பார்த்தேன். இன்னொரு நகல்! ஏற்றுமதி செய்ய மறந்த நாளில் மறுபடி அதே கதை. இப்போது கைபேசியில் ஆர்க்ஸ்லி என்ற செயலி, கணினிக்கும் கைபேசிக்கும் நடுவே கோப்புகளை ஒத்திசைக்க சின்க்திங் என்ற நிரல். ஆர்க்ஸ்லி அதே கோப்பையே படித்துத் தானே நினைவூட்டும். அமைப்பில் அதற்கான அனுமதியைக் கொடுத்துவிட்டு, பேட்டரி சேமிப்புப் பட்டியலிலிருந்து அதை வெளியே எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் ஆண்ட்ராய்டு அதைத் தூங்க வைத்துவிடும். ஈமேக்ஸில் தானாகப் புதுப்பித்துக்கொள்கிற வசதியையும் போட்டுவிடுங்கள். கைபேசியில் மாற்றியது கணினியின் வட்டுக்கு வந்துவிட்டாலும், ஈமேக்ஸில் திறந்திருக்கிற பஃபரில் பழையதே நிற்கும். அதைக் கவனிக்காமல் இரண்டு பக்கமும் திருத்தினால், சின்க்திங் 'முரண்பாடு' என்று பெயரிட்டு இன்னொரு கோப்பை உருவாக்கி வைக்கும். ஒரு சமயம் அப்படி நாலு கோப்பு சேர்ந்து, எது உண்மை என்று ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து பிரித்தேன்.

ஆர்க்-அலர்ட் போன்ற தயார் நிரல்களும் உண்டு. நாலு வரி லிஸ்ப் எழுதப் பயமாக இருந்தால் அதிலிருந்து தொடங்கலாம். நான் ஆப்டோடு ஒட்டிக்கொண்டதற்குக் காரணம், அது ஈமேக்ஸோடே வருகிறது என்பதும், அதனிடம் வாங்க வேண்டிய அடியையெல்லாம் ஏற்கெனவே வாங்கிவிட்டேன் என்பதும்தான்.

போன வியாழன் அம்மாவுக்கு மறுபடி கண் பரிசோதனை, அதே 10:40. 9:10-க்குத் திரையின் மூலையில் அறிவிப்பு வந்தது. எழுந்து கூடத்துக்குப் போனேன். அம்மா புடவை கட்டி, கண்ணாடி போட்டு, ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கிளம்பலாமாம்மா? மணி ஆயிடுச்சு."

"காபிய குடிச்சுட்டு வாடா. வியாழக்கிழமை, ராகு காலம் ஒன்றரைக்குத்தான்."